ரெக்கார்ட் பட்டனை யாரும் அழுத்தலாம். வேலை யாருக்குக் கிடைக்கும்?

கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமத்து விவசாயி. ஆனாலும் 1980-களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு நாட்டாரியல் பேராசிரியர் ஆக்கியது. காரணம், கரிசல் மக்கள் பேசும் சொற்களையும் சொல்லும் கதைகளையும் வருடக்கணக்கில் கேட்டு, எழுதி, அடுக்கி வைத்திருந்தார். வட்டார வழக்குக்கென்று ஓர் அகராதியே போட்டிருந்தார். டிகிரி செய்யாத வேலையை அந்தக் கலெக்‌ஷன் செய்தது.

இன்று வாய்மொழி வரலாறு, மரபுப் பதிவு என்ற பெயர்களில் பயிலரங்குகள் நடக்கின்றன. கல்லூரி நடத்துகிறது, தொண்டு நிறுவனம் நடத்துகிறது, அருங்காட்சியகம் நடத்துகிறது. இரண்டு மூன்று நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், கடைசியில் குரூப் போட்டோ. வந்தவர்களில் பெரும்பாலோர் அதோடு நின்றுவிடுவார்கள். உங்களுக்கான இடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மார்க்கெட் நிலவரத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கையில் போன் வைத்திருக்கும் எல்லாருமே பெரியவர்களிடம் மைக்கை நீட்டி வீடியோ எடுக்கிறார்கள். எனவே 'பேட்டி எடுப்பேன்' என்பது இன்று ஸ்கில்லே இல்லை. ஓர் ஆவணக் காப்பகமோ ஆய்வாளரோ டாகுமென்டரி இயக்குநரோ பத்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கிற, காதில் தெளிவாக விழுகிற, தயக்கமில்லாமல் பயன்படுத்த முடிகிற பேட்டியை ஒப்படைப்பவர்கள் குறைவு. அந்தக் குறைவான பட்டியலில் சேர்வதற்கான வழி இது.

1. பயிற்சியில் சேரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்

ஒன்று, வகுப்பில் நான் கையால் ரெக்கார்ட் செய்து பழகுவேனா, அல்லது பவர்பாயின்ட் மட்டும்தானா? இரண்டு, நான் எடுத்த பேட்டியை யாராவது உட்கார்ந்து கேட்டுத் திருத்துவார்களா? மூன்று, பயிற்சியில் எடுக்கும் பதிவுகள் எங்கே போகும்? நான்கு, அதில் என் பெயர் இருக்குமா?

இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அந்தப் பயிற்சியால் பெரிய பயனில்லை. தன் பேட்டியைத் தானே கேட்கும்போது தவறு காதில் விழாது. அனுபவசாலி ஒருவர் 'இங்கே ஏன் குறுக்கே பேசினீர்கள்?' என்று நிறுத்திக் காட்டும்போதுதான் உறைக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் மழுப்பலான பதில் வந்தால் உஷார். பயிற்சி என்ற பெயரில் இலவசமாக ஃபீல்டு ஒர்க் வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. தெரிந்தே சேர்ந்தால் தப்பில்லை, தெரியாமல் சேராதீர்கள்.

2. ஒரே ஒரு துறையைப் பிடியுங்கள்

'தமிழர் பண்பாட்டைப் பதிவு செய்கிறேன்' என்று சொல்பவர்கள் ஆயிரம் பேர். 'காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்தவர்களைப் பதிவு செய்கிறேன்' என்று சொல்பவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர், சிவகாசி லித்தோ அச்சகங்களில் காலண்டர் அச்சிட்டவர்கள், 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தின் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், குமரி மாவட்டத்துத் தோற்பாவைக் கூத்துக் கலைஞர்கள் என்று களம் பரந்து கிடக்கிறது.

தேர்வு செய்யும்போது உணர்ச்சியை ஓரம் கட்டிவிட்டு உங்கள் அட்வான்டேஜைப் பாருங்கள். எந்த ஊர்ப் பேச்சு உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு? எந்தத் தெருவில் உங்களை யாருடைய பிள்ளை என்று தெரியும்? நகரத்துப் போட்டியாளரிடம் நல்ல கேமரா இருக்கும், நல்ல ஆங்கிலம் இருக்கும். மீனவக் குப்பத்துப் பேச்சை முதல் தடவையிலேயே புரிந்துகொள்ளும் காதை அவரால் விலைக்கு வாங்க முடியாது. உங்கள் வட்டார வழக்கை இத்தனை நாள் இன்டர்வியூக்களில் மறைத்திருப்பீர்கள். இந்தத் துறையில் அதை சிவியின் முதல் வரியில் போடுங்கள்.

3. நல்ல வேலை எப்படி இருக்கும் என்று கேட்டுப் பழகுங்கள்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948-ல் ஆலன் நெவின்ஸ் தொடங்கி வைத்த துறை வாய்மொழி வரலாறு. இன்று மாடல்களுக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு சேகரிக்கிறது. அதில் தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. பலவற்றை ஆன்லைனிலேயே கேட்கலாம். ஒரு நீண்ட பேட்டியை எப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

1947 பிரிவினை ஆவணக் காப்பகம் இன்னொரு பாடம். சாதாரண மக்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுத்தே 10,000-க்கும் மேற்பட்ட பேட்டிகளைச் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டோரிகார்ப்ஸ் 2003-ல் நியூயார்க் ரயில் நிலையம் ஒன்றில் சிறு கூண்டு வைத்துத் தொடங்கியது. ஒருவரை ஒருவர் அறிந்த இருவர் உள்ளே போய் 40 நிமிடம் பேசுவார்கள், அவ்வளவுதான். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டத்தைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு பேட்டி முழுதாகக் கேளுங்கள். கேட்பவர் எங்கே மௌனமாக இருந்தார் என்பதை மட்டும் குறித்து வாருங்கள்.

4. தேதிப் பட்டியல் தயாரித்துக்கொண்டு போங்கள்

பெரியவர்கள் வருடத்தைச் சொல்லிப் பேச மாட்டார்கள். 'அண்ணா செத்தப்ப எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம்' என்பார் காஞ்சிபுரத்து நெசவாளர். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி என்பது உங்கள் தாளில் இருந்தால் கல்யாணத் தேதி அங்கேயே பிடிபட்டுவிடும். 1964 தனுஷ்கோடிப் புயல், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1975 எமர்ஜென்சி, 1987-ல் எம்.ஜி.ஆர். மறைவு எனப் பொதுவான நிகழ்வுகளை ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் துறைக்கே உரிய நிகழ்வுகளை இன்னொரு பக்கம்: சங்கம் தொடங்கிய வருடம், விசைத்தறி வந்த வருடம், பெரிய ஸ்டிரைக் நடந்த வருடம்.

நினைவு பிசகினால் பதறாதீர்கள், முகத்துக்கு நேரே திருத்தவும் செய்யாதீர்கள். இத்தாலியின் டெர்னி நகரில் லூய்ஜி ட்ரஸ்துல்லி என்ற தொழிலாளி 1949-ல் ஒரு போராட்டத்தில் கொல்லப்பட்டார். பல வருடம் கழித்து அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், 1953-ல் ஆலையிலிருந்து கூட்டமாக ஆட்களை வெளியேற்றியபோது நடந்த சாவு அது என்று சொன்னார்கள். அலெஸ்ஸாந்த்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளர் இதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. ஊருக்கு அதிகம் வலித்தது வேலை போன வருடம், அதனால் சாவும் அங்கே நகர்ந்துவிட்டது என்று ஒரு கட்டுரையில் காட்டினார். அந்தக் கட்டுரை இந்தத் துறையில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நீங்கள் செய்ய வேண்டியது: சொன்னதை அப்படியே பதிவு செய்யுங்கள், ஆவணம் சொல்லும் தேதியைக் குறிப்பில் தனியாக எழுதுங்கள். இரண்டும் இருந்தால்தான் உங்கள் ஃபைலுக்கு மதிப்பு.

5. முதல் சந்திப்பில் ரெக்கார்டரை வெளியே எடுக்காதீர்கள்

முதல் விசிட் அறிமுகத்துக்கு மட்டும். போன உடனே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: 'நான் அரசாங்கத்திலிருந்து வரவில்லை. இதனால் உதவித்தொகை எதுவும் கிடைக்காது.' நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் பென்ஷனுக்கு எழுதத்தான் வந்திருக்கிறார்கள் என்று நலிந்த கலைஞர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பேச வைத்தால் பேட்டியும் கெடும், அடுத்த முறை அந்தத் தெருவில் உங்களுக்கு நாற்காலியும் கிடைக்காது. சன்மானம் கொடுக்கப் போகிறீர்களா, இல்லையா என்பதையும் அன்றே சொல்லுங்கள்.

கூப்பிடும் முறை முக்கியம். ஐயா, அம்மா, தாத்தா, ஆச்சி, அப்பத்தா... அந்த ஊரில் எது மரியாதையோ அது. ஒன்றைக் கவனியுங்கள்: எழுபது வயதுப் பெரியவரை ஊரில் சிலர் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிடுவார்கள். அது சாதி பேசுகிற பேச்சு. உங்களை அழைத்துப் போனவரே அப்படிக் கூப்பிட்டாலும் நீங்கள் 'ஐயா' என்றே கூப்பிடுங்கள். அந்த ஒரு சொல்லில் உங்கள் இம்ப்ரெஷன் முடிவாகிவிடும்.

பெண்களைப் பேட்டி எடுக்கும்போது நேரம் அவர்கள் கையில். சமையல் முடிந்து, குழாயில் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு எப்போது ஓய்வு என்று கேட்டு வாருங்கள். மகனோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னால் தடுக்க வேண்டாம். அவருக்கென்று தனியாக ஒரு பேட்டி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கௌரவமாக எழுந்து போய்விடுவார்.

6. சம்மதப் படிவம் இல்லாத பேட்டி யாருக்கும் பயன்படாது

தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் படிவம் வைத்துக்கொள்ளுங்கள். எதற்காக எடுக்கிறேன், எங்கே வைப்பேன், யார் கேட்கலாம், பெயர் போடலாமா, போட்டோ போடலாமா, பிறகு வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். படித்துக் காட்டி, அவர் 'சரி' என்பதைக் குரலாகவே பதிவு செய்யுங்கள்.

பேட்டி முடிந்த பிறகு இன்னொரு தடவை கேளுங்கள். என்ன பேசினோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு, சாதிக் கலவரம், குடும்ப ரகசியம் வந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மூடி வைக்கும் வழி உண்டு என்று சொல்லுங்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பாட்டும் கூத்தும் பதிவு செய்தால், கலைஞருக்குக் காப்புரிமைச் சட்டத்தில் 50 வருட நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது. நிறுவனங்களின் வக்கீல்கள் முதலில் கேட்பது இந்தப் பேப்பரைத்தான். அதைக் கையில் வைத்திருப்பவர் பக்கம் வேலை சாயும்.

7. கேள்வியைச் சின்னதாக வையுங்கள், பிறகு வாயை மூடுங்கள்

'அந்தக் காலத்துல நெசவு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும், இல்லீங்களா?' என்று கேட்டால் 'ஆமாம்ப்பா' என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். பதிலை நீங்களே கொடுத்துவிட்டீர்களே, அவர் சொல்ல என்ன இருக்கிறது?

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'கோர்வை போடும்போது அந்தப் பக்கம் யாருங்க உட்காருவாங்க?' புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் ஊடையிலேயே கோத்து வாங்கும் கோர்வைக்குத் தறியில் ஓர் ஆள் போதாது. ஓரத்து நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். பல வீடுகளில் அது பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை. நீங்கள் கேட்டது ஒரு தொழில் விவரம். அவர் சொல்லப் போவது தம்பியின் படிப்பு நின்ற கதை, வாங்கிய முன்பணம், அடைபடாத கடன். வீட்டுப்பாடம் செய்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

அவர் நிறுத்தினால் நீங்கள் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழாவது எட்டாவது எண்ணில் அவரே தொடர்வார். 'ம்', 'ஓகோ', 'அப்படியா' எல்லாம் ரெக்கார்டிங்கில் அவர் குரல்மேல் ஏறி உட்காரும்; தலையாட்டினால் போதும். கண் கலங்கினால் ரெக்கார்டரை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது.

8. சத்தத்தில் சமரசம் வேண்டாம்

வீடியோ மங்கலாக இருந்தால் பார்த்துத் தொலைக்கலாம். குரல் புரியாவிட்டால் எல்லாமே வேஸ்ட். விலை குறைந்த காலர் மைக் ஒன்றும் ஹெட்போனும் வாங்குங்கள். முடிந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், டபிள்யூஏவி ஃபார்மட்டில் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபி ஆகும். எம்பி3 அனுப்ப வசதி, காப்பகத்துக்கு உதவாது. போனில் எடுத்தால் ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள்.

மின்விசிறி, டிவி, குக்கர் விசில் மூன்றும் எதிரிகள். வணக்கத்தோடு வணக்கமாக ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். தறிச் சத்தத்தை மட்டும் விரட்ட வேண்டாம். பேட்டி முடிந்ததும் அதைத் தனியாக இரண்டு நிமிடம் பதியுங்கள், பிறகு பெரிய பணம் பெறும். முதல் நிமிடத்தில் உங்கள் குரலில் தேதி, ஊர், பேசுபவர் பெயர் சொல்லித் தொடங்குங்கள்.

9. பேட்டிக்குப் பிந்தைய 48 மணி நேரத்தில்தான் போட்டியை ஜெயிக்கிறீர்கள்

மற்றவர்கள் பேட்டி எடுத்த களைப்பில் தூங்கப் போவார்கள். நீங்கள் அன்றிரவே மூன்று காப்பி எடுங்கள்: லேப்டாப்பில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு இடத்திலோ க்ளவுடிலோ ஒன்று. ஃபைல் பெயரில் ஊர், துறை, தேதி, வரிசை எண் இருக்கட்டும். 'தாத்தா பேட்டி ஃபைனல் புதுசு' என்று பெயர் வைப்பவருக்கு எந்தக் காப்பகமும் இரண்டாவது வேலை கொடுக்காது.

அடுத்து சுருக்கம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி: 'நிமிடம் 10: பாவு போடும் முறை, தெருவில் நீட்டிக் கட்டியது, நிமிடம் 15: மாஸ்டர் வீவரிடம் கடன்.' ஆய்வாளருக்கு இந்த ஒரு பக்கம் போதும், நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். முழு ட்ரான்ஸ்கிரிப்ட்டை ஏஐ போடட்டும், ஆனால் அதை நம்பி அனுப்பாதீர்கள். வட்டாரச் சொல்லையும் தொழில்சொல்லையும் அது இஷ்டத்துக்கு மாற்றிவிடும். கையால் எழுதினால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பேச்சுவழக்கை எழுத்துத் தமிழாக 'திருத்தி' வைக்காதீர்கள். கூடவே, அந்தப் பேட்டியில் வந்த தொழில்சொற்களுக்குப் பொருளோடு ஒரு பட்டியல் இணையுங்கள். ஒலியைத் தொகுக்க ஆடாசிட்டி, கேட்டு எழுத ஓட்ரான்ஸ்கிரைப், பேட்டியைப் பகுதி பிரித்து அட்டவணையிட கென்டக்கி பல்கலைக்கழகம் உருவாக்கிய ஓஹெச்எம்எஸ் ஆகிய மூன்று இலவசக் கருவிகளும் தெரிந்திருப்பது சிவியில் ஒரு வரி.

10. ஒரு பேட்டி, பல அவதாரம்

மூல ஒலியைத் தொடாமல் வையுங்கள். அதிலிருந்து மூன்று நிமிட ஆடியோ ஸ்டோரி, எட்டுப் படங்களோடு போட்டோ கட்டுரை, பள்ளிக்கு ஒரு சுவர்க் கண்காட்சி, ஊருக்கு ஒரு பழைய தெரு வரைபடம் என்று ஆளுக்கேற்ற வடிவம் செய்யலாம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியை, பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் நேரில் கண்டவர்களின் வாய்மொழி வழியே சொன்னார். படைப்புச் சுதந்திரம் இங்கே எதைத் தேர்ந்தெடுக்கிறோம், எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான். சொன்னவர் வாயில் சொல்லாததை வைத்தால் உங்கள் கேரியர் அதோடு முடிந்தது.

11. விலை பேசக் கற்றுக்கொள்ளுங்கள்

வாய்ப்பு எங்கே? முழு நேர வேலை குறைவு, கான்ட்ராக்ட் வேலை அதிகம். பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் காப்பகம் 2019 முதல் இயங்குகிறது. தொழில் நிறுவனங்களை மறக்காதீர்கள்: டாடா 1991-லும் கோத்ரெஜ் 2006-லும் சொந்தக் காப்பகம் தொடங்கிவிட்டன. பொன்விழா, பவளவிழா கொண்டாடும் மில், வங்கி, பள்ளி ஒவ்வொன்றுக்கும் பழைய ஊழியர்களின் குரல் தேவை. கிராமப்புற வாழ்க்கையை 2014 முதல் ஆவணமாக்கும் பாரி போன்ற தளங்கள், டாகுமென்டரி குழுக்கள், ஆய்வுத் திட்டங்கள் ஆகியவற்றிலும் ஆள் தேடுகிறார்கள்.

'ஒரு மணி நேரப் பேட்டிதானே' என்று கிளையண்ட் பேரம் பேசுவார். கணக்கை எழுதிக் காட்டுங்கள்: தயாரிப்புக்கு அரை நாள், பயணமும் பேட்டியும் அரை நாள், ட்ரான்ஸ்கிரிப்ட் ஒரு நாள், சுருக்கமும் மெட்டாடேட்டாவும் அரை நாள். ஆக இரண்டரை நாள் உழைப்பு. கோட் கொடுக்கும்போது மணிக்கணக்கில் கொடுக்காதீர்கள், ஒப்படைக்கும் பொருளின் கணக்கில் கொடுங்கள்.

இன்டர்வியூவில் 'எனக்குப் பாரம்பரியத்தில் ஆர்வம்' என்ற வசனம் வேண்டாம். முந்தைய பத்துப் பேரும் அதையே சொல்லியிருப்பார்கள். 'என்னிடம் ஐந்து பேட்டி இருக்கிறது, ஐந்துக்கும் சம்மதப் படிவம், சுருக்கம், சொற்பட்டியல் இருக்கிறது. இதோ லிங்க்' என்று சொல்லி நிறுத்துங்கள். பொதுவில் கேட்க அனுமதி கொடுத்தவர்களின் பேட்டி மட்டும் அந்த லிங்க்கில் இருக்கட்டும்.

12. காப்பியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்

பேசியவருக்கு அவருடைய பேட்டியைப் பென் டிரைவிலோ பேரப்பிள்ளையின் போனிலோ போட்டுக் கொடுங்கள். நல்ல போட்டோ ஒன்றை பிரின்ட் எடுத்து ஃப்ரேம் போட்டுக் கொடுங்கள். செலவு கொஞ்சம்தான். இதை நற்குணத்துக்காகச் செய்தாலும் சரி, கேரியருக்காகச் செய்தாலும் சரி, பலன் ஒன்றே: அந்த வீட்டிலேயே அடுத்த இரண்டு பெரியவர்களின் பெயரும் விலாசமும் கிடைக்கும். வெளியூரிலிருந்து பெரிய பட்ஜெட்டோடு ஒரு டீம் வந்து இறங்கினாலும், 'அந்தப் பிள்ளையைக் கேட்டுக்கிட்டு வாங்க' என்று அந்தத் தெருவே கைகாட்டும்.

இந்த மாத இலக்கு: ஒரு துறை, ஒரு தெரு, இரண்டு பேட்டி. படிவம், மூன்று காப்பி, ஒரு பக்கச் சுருக்கம், சொற்பட்டியல் எல்லாம் முடித்த பிறகு பயிலரங்குக்கு விண்ணப்பியுங்கள். மற்றவர்கள் ரெக்கார்டரை எப்படிப் பிடிப்பது என்று கேட்கும்போது, நீங்கள் உங்கள் ஃபைலைத் திறந்து வைத்துத் திருத்தம் கேட்பீர்கள். பயிற்றுநர் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு ஆள் எடுக்கும்போது யாருக்கு போன் போடுவார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.